மீனை எதில கொண்டு போற? சொப்பிங் பேக் கேள்வி பதில்

இலங்கைக் கடைகளில் சொப்பிங் பேக்குக்கு, அதாவது கைபிடி வைத்த பொலித்தீன் பைக்கு, காசு கேட்கத் தொடங்கியதிலிருந்து, பஸ்ஸுக்கு நிற்கிற இடத்திலும் கலியாண வீட்டிலும் என்னைப் பிடித்துவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லித் தொண்டை வற்றிப்போனதால், இந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இங்கேயே கேளுங்கள் என்று போட்டேன். திண்மக் கழிவுப் பிரிவில் 19 வருடம் குப்பையோடு கிடந்தவள் நான். குப்பையைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் கடையில் பேக் மலிவு என்று கேட்காதீர்கள். "சேர்" என்று எழுதிய நான்கு பேருக்கும்: நான் சேர் இல்லை. மிஸ், அக்கா, எது என்றாலும் சரி.

தொடங்குமுன் ஒன்று. பொலித்தீனை எரிக்காதீர்கள். இதை இன்னும் எத்தனை தடவை சொல்லப்போகிறேன் என்று பாருங்கள்.

கே (காத்தான்குடி, பலசரக்குக் கடை): மிஸ், தடை எண்டும் சொல்றாங்க, காசுக்கு வித்தாச் சரி எண்டும் சொல்றாங்க. இப்ப நான் பேக் வச்சிருக்கிறது குற்றமா?

ப: இரண்டும் உண்மைதான் காக்கா. சட்டம் ஒரே நாளில் வரவில்லை, துண்டு துண்டாக வந்தது. அதுதான் குழப்பம்.

2007 ஜனவரி 1 முதல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீன் தடை (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பிறகு பத்து வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2017 ஏப்ரல் 14, புதுவருடத்தன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை வீடுகளின் மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த வருடம் செப்டெம்பர் 1இல் சோறு சுற்றுகிற லஞ்ச் சீட், ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைச் சாப்பாட்டுப் பெட்டி, உயர் அடர்த்திப் பொலித்தீனில் செய்த சொப்பிங் பேக் மூன்றையும் தடை செய்தார்கள். 2021இல் சின்ன சஷே பக்கெட்டுகள், காது குடைகிற பிளாஸ்டிக் குச்சி. 2023 ஒக்டோபர் 1இல் ஸ்ட்ரோ, கோப்பை, கரண்டி, பிளேட், பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு. 2025 நவம்பர் 1 முதல் கைபிடி வைத்த தாழ் அடர்த்திப் பொலித்தீன் பையைச் சும்மா கொடுக்கக்கூடாது, அதன் விலை பில்லில் தெரியவேண்டும்.

உங்கள் கடையில் இருப்பது எந்த வகை என்று பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். கையில் கசக்குங்கள். கரகரவென்று சத்தம் போட்டால் உயர் அடர்த்தி, அது 2017இலேயே போயிருக்கவேண்டியது. வழுவழுவென்று சத்தமில்லாமல் கசங்கி, இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டால் தாழ் அடர்த்தி, அதைக் காசுக்கு விற்கலாம். லஞ்ச் சீட்டை மேசைக்குக் கீழே ஒளித்துவைத்துக் கொடுக்கிற கடைகள் எனக்குத் தெரியும். உங்களைச் சொல்லவில்லை.

கே (கல்லடி, உயர்தர மாணவி): மிஸ், சொப்பிங் பேக்கத் தடை செய்தா சுற்றாடலுக்கு உண்மையா நன்மை இருக்கா? எங்கட வகுப்பில ஒராள் அது வெறும் ஷோ எண்டு சொல்றார்.

ப: நல்ல கேள்வி. வகுப்பில் சொன்ன தம்பி பாதி சரி.

முதலில் பையை நிறுத்துப் பாருங்கள். 30 சென்ரிமீற்றர் அகலம், 50 உயரம், இரண்டு பக்கம், 20 மைக்ரோன் தடிப்பு. பெருக்கினால் கிட்டத்தட்ட 6 கன சென்ரிமீற்றர் பிளாஸ்டிக். நிறை ஆறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கிலோவுக்கு 175 பை வரும். இவ்வளவு குறைந்த பொருளில் அஞ்சு கிலோ அரிசியைத் தாங்குகிற சாமானை மனுசன் வேறு செய்யவில்லை. ஒரு பை செய்ய வெளியேறுகிற கரியமிலவாயு, அந்தக் கடைக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு கிலோமீற்றர் ஓடினால் வெளியேறுவதைவிடக் குறைவு. ஆகவே காலநிலை மாற்றத்துக்காகத்தான் பையைத் தடை செய்கிறோம் என்று யாரும் சொன்னால், தம்பியின் பக்கம்தான் நான்.

ஆனால் அதே ஆறு கிராம்தான் வினையும். பாரமில்லை, காற்றுக்கு எழும்பும். அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, மிதக்கும். உக்காது. குப்பை வண்டியில் ஏற்றினாலும் கச்சான் காற்றுக்குப் பறந்து வேலிக் கம்பியில் தொங்கும். மழைக்குக் கானுக்குள் இறங்கி மதகின் வாயில் போய் ஒட்டும். மதகு வாயில் ஒட்டுகிற முதல் பைதான் முக்கியம். அது ஒரு சல்லடை. பின்னால் வருகிற இலை, மண், யோகட் கோப்பை எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கல்லடிப் பக்கம் ஒரு மதகை வாரியபோது நான் பக்கத்தில் நின்றேன். முதலில் ஒரு முழப் பொலித்தீன் பாய் வந்தது, பாய் என்றுதான் சொல்லவேண்டும், ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தது. அதை இழுத்ததும் அரை மணித்தியாலம் அசையாமல் நின்ற தண்ணீர் "குபுக்" என்று இறங்கியது. பையின் கேட்டைக் கிராமில் அளக்க முடியாது என்று அன்றைக்கு விளங்கியது.

தடை வேலை செய்கிறதா? 2025இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த ஆய்வு ஒன்று. அமெரிக்காவில் 45,000க்கு மேற்பட்ட கரையோரத் துப்புரவு வேலைகளின் பதிவுகளை எடுத்து, பைக்குத் தடையோ கட்டணமோ இருந்த ஊரையும் இல்லாத ஊரையும் ஒப்பிட்டார்கள். கட்டுப்பாடு வந்த இடத்தில், பொறுக்கிய குப்பையில் பையின் பங்கு 25 முதல் 47 சதவீதம் வரை குறைவு. மெல்லிய பையை மட்டும் தடுத்து தடித்த பையை விட்ட இடங்களில் பலன் குறைவு. முழுத்தடையைவிடக் கட்டணம் கூடுதலாக வேலை செய்திருக்கலாம் என்பதற்கும் அறிகுறி உண்டு. இங்கே ஒரு விசயம் கவனியுங்கள்: பை மறையவில்லை, மற்ற ஊர்களைவிடக் குறைந்தது. எல்லா இடத்திலும் பை கூடிக்கொண்டுதான் போகிறது. வகுப்பில் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தம்பி பிடித்துவிடுவார்.

கே (வாழைச்சேனை): வீட்டில சேர்ந்த பேக்குகள எரிச்சா ஒரேயடியா முடிஞ்சிரும்தானே?

ப: முடியாது. கண்ணுக்குத் தெரியாமல் நெஞ்சுக்குள் போகும். முற்றத்து நெருப்பில் சூடு போதாது, அதனால் முழுதாக எரியாமல் கரிப்புகையும் காபனோரொட்சைட்டும் வரும். அதற்குள் தண்ணீர்க் குழாய் செய்கிற பி.வி.சி. பிளாஸ்டிக் துண்டு ஒன்று கிடந்தால் டயொக்சின் என்ற நஞ்சும் சேரும். எரிக்காதீர்கள்.

கே (களுவாஞ்சிக்குடி, ஆசிரியர்): துணிப்பையை 7,100 தடவை பாவித்தால்தான் ஒரு பொலித்தீன் பைக்குச் சமம் என்று வாசித்தேன். அப்படியென்றால் துணிப்பை கொண்டுபோ என்று பிள்ளைகளுக்குச் சொல்வது பிழையா?

ப: சேர், அந்த எண் பொய்யில்லை, ஆனால் தலையும் வாலும் வெட்டப்பட்டு ஊரெல்லாம் திரிகிறது. டென்மார்க்கின் சுற்றாடல் முகவரகம் 2018இல் வெளியிட்ட கணக்கு அது. பதினைந்து வரையான பாதிப்புகளைத் தனித்தனியே கணக்கிட்டார்கள். ஓசோன் படைச் சிதைவு என்ற ஒரே ஒரு வரிசையில் சாதாரணப் பருத்திப் பைக்கு வந்த எண் 7,100. காலநிலை வரிசையை மட்டும் பார்த்தால் 52. இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2011இல் வெளியிட்ட கணக்கில் பருத்திப் பைக்கு 131 தடவை, நெய்யாத பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் பைக்கு 11, கடதாசிப் பைக்கு 3.

பெரிய விசயம் இனித்தான். டென்மார்க் கணக்கில் தெருவில் வீசப்படும் பையின் பாதிப்பு சேர்க்கப்படவே இல்லை. அங்கே அது புறக்கணிக்கத்தக்க அளவு என்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அது சரி. அங்கே பை குப்பைத்தொட்டிக்குள் போய், அங்கிருந்து மின்சாரம் எடுக்கிற எரியுலைக்குப் போகிறது. களுவாஞ்சிக்குடிச் சந்தைப் பை எங்கே போகிறது? நீங்களே சொல்லுங்கள். எந்தக் கேட்டுக்காக நாம் பையைத் தடுக்கிறோமோ அந்தக் கேட்டையே எண்ணாத கணக்கை வைத்துக்கொண்டு நம்முடைய பையைத் தீர்ப்பிட முடியாது.

பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது: புதுத் துணிப்பை வாங்காதே. விழாவுக்கு விழா பெயர் அச்சடித்துக் கொடுக்கிற பருத்திப் பை வீட்டில் பன்னிரண்டு தொங்கினால் அது பாவம்தான். வாப்பாவின் கிழிந்த மருதமுனைச் சாரத்தில், அம்மாவின் பழைய நூல் சேலையில் தைத்த பைக்குப் பருத்தி புதிதாக விளையவில்லை. அதற்கு இந்தக் கணக்கு ஒன்றும் பொருந்தாது.

அதோடு ஒரு எச்சரிக்கை. கடையில் "துணிப்பை" என்று விற்கிற, குட்டிக் குட்டிப் புள்ளி அழுத்திய பை துணியல்ல. அது பிளாஸ்டிக். வெயிலில் ஒரு வருடம் கிடந்தால் கையில் தூளாக உதிரும். அது சொப்பிங் பேக்கைவிட மோசமான முடிவு.

கே (சாய்ந்தமருது): துணிப்பை 7,100 முறை பாவிக்கணுமாமே?

ப: மேலே களுவாஞ்சிக்குடி சேருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கே (ஏறாவூர்): "உக்கும் பேக்" எண்டு பச்சை எழுத்தில போட்டு விக்கிறாங்க. அத வாங்கலாமா?

ப: பச்சை எழுத்து உக்கும். பை உக்குமோ தெரியாது.

பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஐந்து வகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் மூன்று வருடம் வைத்துப் பார்த்தார்கள், 2019இல் முடிவு வந்தது. "உயிரியல் முறையில் சிதையும்" என்று அச்சடித்த பை மூன்று வருடம் மண்ணுக்குள்ளும் கடலுக்குள்ளும் கிடந்துவிட்டு வெளியே வந்து, சாமான் போட்டுத் தூக்கக்கூடியதாக இருந்தது. கூட்டெரு (கொம்போஸ்ட்) ஆகும் என்று செய்த வகைப் பை கடலில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போனது. ஆனால் அதே பை மண்ணில் இரண்டு வருடத்துக்கு மேலாகியும் கிடந்தது, பாரம்தான் தாங்கவில்லை. கூட்டெரு வகை முழுதாகச் சிதைய 58 பாகை அளவு சூட்டைத் தொடர்ந்து பிடித்துவைக்கிற தொழிற்சாலைக் குவியல் வேண்டும். உங்கள் வளவுக் குழியில் அந்தச் சூடு வராது.

இன்னும் ஒரு வகை, உலோக உப்புச் சேர்த்துத் துண்டு துண்டாக உடையச் செய்த பொலித்தீன். அது உக்கவில்லை, உடைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதை 2021இல் தடை செய்துவிட்டது. ஒரு பையைப் பொறுக்கலாம். ஆயிரம் துணுக்கைப் பொறுக்க முடியாது.

கே (அக்கரைப்பற்று): பள்ளக்காட்டு யானைகள் பொலித்தீன் திண்டு சாகுதுகள். பேக்கத் தடை செஞ்சா அந்த உசிருகள் தப்புமா?

ப: இதற்கு ஒரு வரியில் "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

தெரியாதவர்களுக்கு: ஒலுவில், அட்டாளைச்சேனைப் பக்கத்துக் காட்டோரம் பள்ளக்காட்டில் சுற்றுவட்டார ஊர்களின் குப்பையைக் கொட்டினார்கள். யானைகள் வந்து மேயத் தொடங்கின. 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் படம் வந்தது: எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் இறந்துவிட்டன என்று. வெட்டிப் பார்த்த வனவிலங்கு வைத்தியர் சொன்னது, வயிற்றில் பொலித்தீனும் உணவுப் பொதி உறைகளும் தண்ணீரும்தான், யானை வழக்கமாகத் தின்று செரிக்கிற உணவு தெரியவில்லை என்று. மின்வேலி போட்டிருந்தார்கள். 2014இல் இடி விழுந்து பழுதானது, திருத்தப்படவில்லை.

யானைக்குப் பொலித்தீனில் ஆசை இல்லை. கறி ஊறிய சோறு, பழத்தோல், மீன் கழிவு, உப்பு, இதுகளுக்குத்தான் வருகிறது. நாம் அதையெல்லாம் பேக்கில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு வைக்கிறோம். தும்பிக்கைக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது. முடிச்சோடு விழுங்கும். சிலது இலத்தியோடு வெளியே வந்துவிடும். குப்பைமேட்டுப் பக்கம் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இலத்திக்குள் நீல நிறமும் சிவப்பு நிறமும் தெரியும். வெளியே வராதது குடலில் திரண்டு அடைக்கும்.

இப்போது யோசியுங்கள். சொப்பிங் பேக்கை முழுதாக நிறுத்தினால், அந்தச் சோறு லஞ்ச் சீட்டில் வரும், பிஸ்கட் உறையில் வரும், கறுப்புக் குப்பைப் பையில் வரும். மேடு திறந்து கிடக்கும்வரை யானை வரும். உக்குகிற குப்பை வேறு, உக்காதது வேறு என்று வீட்டிலேயே பிரித்து, சாப்பாட்டுக் கழிவு அந்த மேட்டுக்குப் போகாமல் நின்றால்தான் யானைக்கு அங்கே வேலை இல்லாமல் போகும். பைத் தடை இதற்கு உதவி செய்யும், ஆனால் இதன் இடத்தில் நிற்காது. உங்கள் வீட்டிலிருந்து இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று உண்டு: சோற்றுக் கழிவை முடிச்சுப் போட்டு வெளியே வைக்காதீர்கள். தென்னைக்கு அடியில் புதையுங்கள்.

கே (ஏறாவூர்ப்பற்று): மாடு பேக்கத் தின்டா?

ப: யானையைவிட மோசம். மாட்டின் முதல் இரைப்பையிலேயே திரண்டு நின்றுவிடும், கீழே இறங்காது. வயிறு ஊதி, அசைபோடாமல் நின்றால் மிருக வைத்தியரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

கே (மண்டூர், ஆற்றுத் தொழில்): அக்கா, வீச்சு வலை எறிஞ்சா றாலுக்கு முதல் பேக்தான் வருகுது. கீழ சேத்தில படிஞ்சு கிடக்கு. மிதக்கும் எண்டு சொல்றீங்க, அப்ப எப்பிடி அடியில?

ப: தம்பி, இன்றைக்கு வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். புதுப் பை மிதக்கும். சில கிழமையில் அதில் பாசி பிடிக்கும், சிப்பிக் குஞ்சு ஒட்டும், மண் ஏறும். பாரம் கூடி இறங்கிவிடும். நாம் ஆறு என்று சொல்கிற இந்த மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் வருடம் முழுக்கத் திறந்து கிடப்பதில்லை. மாரி வெள்ளம் வெட்டித் திறக்கும்வரை பைக்குக் கடலுக்குப் போக வழியில்லை. கண்டல் வேரிலும் சேற்றிலும் தங்கும்.

தங்கினால் என்ன என்று கேட்பீர்கள். அயர்லாந்தில் சேற்றுக் கரையில் பையை விரித்துவைத்து ஒன்பது கிழமை பார்த்தார்கள், 2015இல் வெளியான ஆய்வு. பைக்குக் கீழே சேற்றில் ஒட்சிசன் இல்லாமல் போனது, மேலே வளரும் நுண்பாசி குறைந்தது, சேற்றுக்குள் வாழும் சிறு உயிர்கள் குறைந்தன. சாதாரணப் பைக்கும் உக்கும் பைக்கும் வித்தியாசம் இல்லை (ஏறாவூர்க்காரரும் பார்க்கவும்). றாலும் மணலை மீனும் அந்தச் சேற்றைக் கிளறித் தின்றுதான் வளர்கின்றன. உங்கள் வலையில் வருகிற ஒவ்வொரு பையும், ஒரு பாயளவு இடத்துக்கு மூச்சை அடைத்துக்கொண்டு கிடந்தது. எடுத்ததைத் திருப்பி எறியாதீர்கள். தோணிக்குள் ஒரு உரப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

கே (ஆரையம்பதி): மிஸ் எல்லாத்தையும் சொல்லிட்டீங்க. மீன எதில கொண்டு வாற? துணிப்பையிலயா? மறுகா அந்தப் பையில பாண் வாங்கவா?

ப: மூடி இறுகுகிற பழைய ஐஸ்கிரீம் பெட்டி. முடிந்தது.

(முடியவில்லை. இதற்குக் கீழே வந்தவற்றைச் சுருக்கித் தருகிறேன், ஏனென்றால் இரவு பதினொரு மணிவரை மற்றக் கேள்வியை ஒருவரும் கேட்கவிடவில்லை.)

கல்முனை, வயதானவர்: எங்கட காலத்தில ஈர்க்கில் நாரில செவுளால கோத்துத் தருவாங்க. கோர்வையைத் தூக்கிட்டு நடந்து வருவம். ஊரே பாக்கும், இண்டைக்கு இவர் வீட்டில என்ன கறி எண்டு.

ஓட்டமாவடி: ஊரே பாக்கும், ஊர்ப் பூனையும் பாக்கும். இப்ப மோட்டார் சைக்கிள்ல கோர்வையத் தொங்கவிட்டா சில்லில மாட்டும்.

ஆரையம்பதி: பன்புல் பையில வாழையிலை போட்டு எங்கட உம்மம்மா கொண்டு வருவா. தண்ணி ஒழுகாது.

கல்முனை, வயதானவர்: ஒழுகும் மகள். நடந்து வந்தபடியா தெரியல்ல.

காரைதீவு, சைக்கிளில் மீன் விற்பவர்: எல்லாரும் கதைக்கிறீங்க. பெட்டி கொண்டு வாற ஆக்கள் ஒரு நாளைக்கு ரெண்டு பேர். அவங்களும் என்னை நம்பமாட்டாங்க. பெட்டியத் தராசில வச்சா "பெட்டிப் பாரத்தையும் சேத்து நிறுக்கிறாய்" எண்டு சண்டை. பேக் எண்டா சண்டையில்லை.

ப: தம்பி சொன்னதுதான் இந்த முழுக் கதைக்கும் நடு. நான் பத்தொன்பது வருடம் கூட்டங்களில் "மாற்றுப் பை, மாற்றுப் பை" என்று பேசினேன். ஆறு கிராம் பை தராசில் தெரியாது, நூற்றைம்பது கிராம் பெட்டி தெரியும் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. உங்களிடம் இருப்பது தட்டுத் தராசா, இலெக்ரோனிக் தராசா?

காரைதீவு: பட்டன் தராசு.

ப: அப்படியானால் வெறும் பெட்டியை முதலில் வையுங்கள். "டெயார்" பட்டனை அமத்துங்கள், பூச்சியம் காட்டும். வாடிக்கைக்காரருக்கு அந்தப் பூச்சியத்தைக் காட்டிவிட்டு மீனைப் போடுங்கள். இல்லாவிட்டால் மீனைத் தராசுத் தட்டிலேயே நிறுத்து, பிறகு பெட்டிக்குள் கொட்டுங்கள்.

ஓட்டமாவடி: தட்டில நிறுத்தா முந்தின ஆளுட மீன் தண்ணியும் சேந்து நிக்கும். அதுக்கும் காசு.

காரைதீவு: தண்ணிய நான் குடிக்கிறல்ல ராத்தா.

கல்முனை, வயதானவர்: கோர்வையில தராசே தேவையில்ல. ஒரு கோர்வை ஒரு விலை.

ஓட்டமாவடி: அதுக்குள்ள சின்ன மீன நடுவில செருகுவாங்க.

ப: நிறுத்துங்கள் எல்லாரும். நாளைக் காலையில் காரைதீவுத் தம்பி பட்டனை அமத்திப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கே (வந்தாறுமூலை): பேக் இல்லாட்டிக் குப்பையை எதில போடுற? நாங்க பழைய பேக்கத்தானே குப்பைக்குப் பாவிக்கிறம்.

ப: இது உண்மையான ஓட்டை. கலிபோர்னியாவில் ஊருக்கு ஊர் தடை வந்தபோது 40 மில்லியன் இறாத்தல் பை குறைந்தது, கடைகளில் குப்பைப் பை விற்பனை 12 மில்லியன் இறாத்தல் கூடியது. 2019இல் வந்த ஆய்வு. லாபத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மிஞ்சியது. அதைவிடப் பெரிய ஓட்டை பிறகு வந்தது: தடித்த பை "திரும்பப் பாவிக்கக்கூடியது" என்று அனுமதித்தார்கள், சனம் அதையும் ஒரு தடவையில் எறிந்தது. 2014இல் 157,385 தொன்னாக இருந்த பைக் கழிவு 2022இல் 231,072 தொன்.

உங்கள் வீட்டுக்கு: ஈரக் கழிவைக் குழிக்குப் பிரித்துவிட்டால் மிச்சக் குப்பை காய்ந்தது. காய்ந்த குப்பைக்குப் பை வேண்டாம், அரிசி வந்த சாக்கு போதும். அதை வண்டியில் கொட்டிவிட்டுத் திருப்பி எடுக்கலாம்.

கே (திருக்கோவில்): துணிப்பை 7,100 தடவை...

ப: மேலே.

கே (நிந்தவூர்): கடதாசிப் பேக் நல்லந்தானே?

ப: ஆற்றுக்குள் விழுந்தால் நல்லது, மழைக்கு நனைந்தால் உங்களுக்குக் கெட்டது. பழைய பத்திரிகையில் ஒட்டிய சரைக்குப் பருப்பும் வெந்தயமும் வாங்குங்கள். எண்ணெய்ப் பலகாரம் வாங்காதீர்கள், அச்சு மை ஒட்டும்.

கே (செங்கலடி): டெங்குவுக்கும் பேக்குக்கும் தொடர்பு இருக்கா?

ப: இருக்கு. மடிப்புக்குள் நிற்கிற தேநீர்க் கோப்பையளவு தண்ணீர் போதும் நுளம்புக்கு. முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள். ஆனால் வளவில் சிரட்டையும் தயிர்ச்சட்டியும் கவிழ்க்காமல் கிடந்தால் பேக்கைக் குற்றம் சொல்லாதீர்கள்.

கே (மட்டக்களப்பு நகர்): வேறு நாடுகளில் தடை வெற்றியா? நம்ம ஆக்களுக்குச் சட்டம் சரிவராது எண்டுதான் நான் நினைக்கிறன்.

ப: "நம்ம ஆக்கள்" என்று தொடங்குகிற வாக்கியம் எனக்கு ஒவ்வாது. பங்களாதேஷ் 2002இல் உலகில் முதல் நாடாகப் பொலித்தீன் பையைத் தடை செய்தது. 1988, 1998 வெள்ளங்களில் டாக்காவின் கான்கள் அடைபட்டதில் பைக்குப் பங்கு இருந்தது என்பதுதான் காரணம். ஆனால் கண்காணிப்பு இல்லை, பை திரும்பி வந்துவிட்டது. 2024இல் மறுபடி சட்டத்தை இறுக்கினார்கள். அதே 2002இல் அயர்லாந்து தடை செய்யவில்லை, பைக்கு 15 சதம் வரி போட்டது. ஆளுக்கு வருடம் 328 பை 21 ஆகக் குறைந்தது. அயர்லாந்துக்காரர் நம்மைவிட நல்லவர்கள் என்பதால் அல்ல. ஒவ்வொரு தடவையும் காசாளர் வாய்திறந்து "பேக் வேணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் ஆள் யோசிக்கிறார். அதனால்தான் நவம்பர் விதியில் எனக்கு நம்பிக்கை. கேட்காமலே பேக்கில் போட்டு, பில்லில் சேர்த்துவிடுகிற கடைகள் அதைக் கெடுக்கின்றன. நேற்று ஒரு கடையில் தோடம்பழம் இரண்டுக்கு எனக்கு அப்படி நடந்தது. அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தேன், பின்னால் நின்றவர்கள் முறைத்தார்கள்.

கே (பொத்துவில்): கடலாமை பேக்க ஜெலி எண்டு நினைச்சுத் திங்குதாமே?

ப: தோற்றம் மட்டுமல்ல, மணமும். கடலில் ஊறிப் பாசி பிடித்த பிளாஸ்டிக்கின் மணத்துக்கு ஆமைகள் இரையின் மணத்துக்குப் போலவே மூக்கை நீட்டின என்று 2020இல் ஒரு பரிசோதனை காட்டியது. பாணமைக் கரையில் முட்டையிட வருகிற ஆமைக்கும் இதேதான்.

கே (மூன்று பேர், வேறு வேறு ஊர்): குப்பை வண்டி வருவதில்லை.

ப: உங்கள் பிரதேச சபை. திகதி போட்டு எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கே (சித்தாண்டி): கடைக்காரர் விலை காட்டாமல் பேக்குக்குக் காசு எடுத்தால்?

ப: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. பில் இல்லாமல் போகாதீர்கள்.

கே (வாழைச்சேனை, முதல் கேட்டவர்தான்): மிஸ், எரிக்கக்கூடாது எண்டீங்க. கொஞ்சமா எரிச்சா?

ப: தம்பி!

கே (சம்மாந்துறை): துணிப்பை 7,100...

ப: 7,101. ஒன்று கூடுதலாகப் பாவியுங்கள்.

காரைதீவு, மீன் விற்பவர் (ஞாயிறு பகல்): அக்கா, பட்டனை அமத்திப் பாத்தன். பூச்சியத்தைக் காட்டினதும் ரெண்டு பேர் சிரிச்சாங்க, சண்டை வரல்ல. பெட்டியோட ஆறு பேர் வந்தாங்க. ஓட்டமாவடி ராத்தா சொன்ன தண்ணி விசயம் மெய்தான், தட்டைத் துடைக்க இப்ப ஒரு துண்டு வச்சிருக்கன்.

கல்முனை, வயதானவர்: கோர்வை கேட்டு ஒருத்தரும் வரல்லையா?

காரைதீவு: இல்ல வாப்பா. ஆனா அக்கா, ஒண்டு சொல்லணும். பெட்டியோட வந்த ஆறு பேரில ஒராள், கண்ணாடி போட்ட உயரமான ஐயா, நீலப் பெட்டி. மீனை முதல்ல சொப்பிங் பேக்கில போட்டு, அந்தப் பேக்கைப் பெட்டிக்குள்ள வச்சுத் தரச் சொன்னவர். பெட்டி மணக்குமாம், வீட்டில ஏசுவாங்களாம்.

ப: நீலப் பெட்டியின் மூடியில் ஒரு மூலை உடைந்திருந்ததா?

காரைதீவு: ஓம்.

ப: அது என் வீட்டுக்காரர். இன்றைக்கு இவ்வளவும் போதும், எனக்கு அடுப்படியில் வேலை இருக்கிறது.